பிரிட்டாவுக்கு ஒரு மறைகூடாரம்

ஜூன் 12, 2022
ஓல்சன் ஏரிச் சாலை

ரோலண்ட் அவர்களுக்கு,

ஜனெல் எழுதுவது. நானும் பிரிட்டாவும் உயிரோடு இருக்கிறோம். சிறையில் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பத்தொன்பது மாதமாக எழுதாதவள் இப்போது எழுதுவது பாசத்தால் அல்ல. பிரிட்டாவுக்குப் பதினாறு ஆகிவிட்டது. வருகிற நவம்பரில் மான் வேட்டைக்குப் போவேன் என்கிறாள். அதுவும் ஓடைக்கரையில், அவள் அப்பா டுவேன் உட்கார்ந்த அதே இடத்தில், தனியாக. முடியாது என்றேன். "அப்பா என்னைப் பன்னெண்டு வயசுலயே கூட்டிட்டுப் போனாரு. பயப்படுறது நீ, நான் இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வாரம் சண்டை போட்டோம். தோற்றது நான்.

மரத்தில் ஏணி கட்டி உட்கார விடமாட்டேன் என்பதில் மட்டும் ஜெயித்தேன். தரையில் விரித்து உள்ளே ஒளிந்து உட்காருகிற மறைகூடாரம் என்று முடிவாயிற்று. டுவேனுடைய பழைய கூடாரத்தை ஷெரீஃப் ஆட்கள் கொண்டுபோனார்கள். திருப்பித் தந்தாலும் எனக்கு வேண்டாம். கடைக்குப் போனால் இருபது விதம் தொங்குகிறது. எல்லாவற்றிலும் அதே இலை, அதே கிளை அச்சடித்திருக்கிறது. நீங்கள் ஹென்ட்ரிக் கடையில் இருபத்திரண்டு வருடம் இதைத்தான் விற்றீர்கள். ஊரில் வேறு யாரையாவது கேட்கலாம். கேட்டால் என்னைப் பார்க்கிற அந்தப் பார்வை எனக்குத் தாங்காது.

என் கணவனைச் சுட்ட கையிடம் என் மகளுக்குக் கூடாரம் கேட்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, பேசட்டும். எது காற்றுக்கும் பனிக்கும் நிற்கும், எது ஒரே சீசனில் கிழியும், அதை மட்டும் எழுதுங்கள். அந்தக் காலையைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் கடிதம் அடுப்புக்குப் போகும்.

ஜனெல்


ஜூன் 20, 2022
சிறை, மூன்றாம் கட்டடம்

அன்புள்ள தங்கச்சி ஜனெலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூலத்தைத் தரமாட்டார்கள், நகல் எடுத்துத்தான் கொடுப்பார்கள். நகலிலும் உன் எழுத்து இடதுபக்கம் சாய்ந்தே நிற்கிறது. உடம்பு பரவாயில்லை. முட்டி மட்டும் படியேறும்போது கரகரக்கிறது. 'அவர்களுக்கு' என்று போட்டிருந்தாய். ஐம்பத்தாறு வயதில் நம் வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

கேட்டதற்கு வருகிறேன். இழுத்தால் விரியும் கூடாரத்துக்கு உயிர் குமிழில் இருக்கிறது. நான்கு சுவரிலும் கூரையிலும் கம்பிகள் வந்து சேரும் இடத்தைத்தான் சொல்கிறேன். பிளாஸ்டிக் குமிழ் என்றால் கையில் எடுக்காதே. முதல் கடுங்குளிரில் பிஸ்கட்டாக உடையும். உலோகக் குமிழ் வேண்டும். கம்பி பென்சில் கனமாவது இருக்கட்டும். துணியின் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார். கருப்புப் பூச்சு நகத்தோடு வந்தால் அந்தக் கூடாரம் அடுத்த வருடம் சல்லடை. ஜன்னலில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை இருந்தால் வேண்டாம். அதைக் கிழிக்கிற சத்தத்தில் அடுத்த மாவட்டத்து மான் ஓடும். கொக்கி போட்டுச் சத்தமில்லாமல் இறக்குகிற ஜன்னல்தான் நல்லது. கதவு ஜிப்பைப் பத்து முறை மூடித் திற. கடைக்காரன் முறைத்தால் முறைக்கட்டும். நானும் முறைத்தவன்தான்.

முளை அடித்தால் மட்டும் போதாது. நான்கு குமிழிலிருந்தும் கயிறு இழுத்து மரத்தில் கட்டு. இல்லாவிட்டால் ஒரு காற்றுக்குக் கூடாரம் பக்கத்து ஸ்வோபோடா வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. இதுவும் கூடாரச் சமாச்சாரம்தான், அடுப்பில் போடாதே. உள்ளே இருப்பவர் வெளியே தெரியக் கூடாது என்பதுதான் அதன் வேலை. அதன் ஆபத்தும் அதுதான். ஆள் இருப்பது தூரத்திலிருந்தே தெரிய, ஆரஞ்சுத் துணி தனியாக வாங்கி, கூரையிலும் நான்கு பக்கமும் கட்டச் சொல். அரசுக் காட்டில்தான் சட்டம், சொந்த நிலத்தில் கட்டாயமில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதே.

பிரிட்டாவுக்கு என் அன்பைச் சொல் என்று எழுதக் கை வருகிறது. சொல்ல வேண்டாம்.

உன் அண்ணன்
ரோலண்ட்


ஜூலை 9, 2022

ரோலண்ட் அவர்களுக்கு,

இங்கே கொசுத்தொல்லையைத் தவிர வேறு நோய் இல்லை. உங்கள் முட்டிக்கு அங்கே மருந்து கொடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

கடைக்குப் போனேன். "இது பத்து வருஷம் உழைக்கும் மேடம், நானே கியாரண்டி" என்று விற்கிறவர் ஒன்றை விரித்துக் காட்டினார். நகத்தால் சுரண்டினேன். கருப்பு நகத்தோடு வந்தது. அவர் என் நகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "அப்போ உங்க கியாரண்டி என் விரல்லயே இருக்கு" என்றேன். உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். உலோகக் குமிழ், கொக்கி ஜன்னல், கதவு ஜிப் ஒருவிரல் தடிமன். பத்து முறை மூடித் திறந்தேன். பிரிட்டா அதற்குள் போய் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் வெளியே வரவில்லை. கூப்பிட்டும் பதில் இல்லை. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்றே தெரியவில்லை. அதையே வாங்கிவிட்டேன்.

இரண்டு கேள்வி. பனி கனத்தால் கூரை உள்வாங்குமா? புதுத்துணி டயர் கடை மாதிரி நாறுகிறது, அதை எப்படிப் போக்குவது?

ஜனெல்


ஜூலை 15, 2022

அன்புள்ள ஜனெலுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆசை. விரல் கியாரண்டிக் கதையைப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் படித்துக் காட்டினேன். வங்கி கொள்ளையடித்த மனிதர். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கூரை உள்வாங்கும். நடுவில் ஒரு கம்பு நட்டுத் தாங்கல் கொடுக்கச் சொல். பனி விழுந்ததும் தட்டிவிட வேண்டும். நாற்றத்துக்கு மருந்து வெயிலும் மழையும்தான். இப்போதே கொல்லையில் விரித்து இரண்டு மாதம் போட்டு வை. அக்டோபரில் ஓடைக்கரைக்குக் கொண்டுபோனால் மான்களும் பழகிவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதே. நாற்றம் போகட்டும் என்று வீட்டுச் சோப்பில் துவைத்துவிடாதே. மான் மோப்பம் பிடிக்கிற வாசனை ஒருபக்கம், அந்தச் சோப்பால் துணி மானின் கண்ணுக்கு மினுங்கும் என்பது இன்னொரு பக்கம். ஆரஞ்சுத் துணிக்கும் இதே கதைதான். அழுக்கானால் மழையில் அலசினால் போதும். ஹென்ட்ரிக் கடையில் ஒருத்தர் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டே வருவார். வேட்டைச் சட்டையை ரோஜா சோப்பில் துவைத்துவிட்டாள் என்று. வருடா வருடம் அதே சட்டை, அதே சண்டை.

ஆரஞ்சுத் துணி வாங்கினாயா? போன கடிதத்தில் அதற்கு மட்டும் பதில் இல்லை.

அன்புடன்
ரோலண்ட்


ஆகஸ்ட் 28, 2022

அன்புள்ள ஜனெலுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பிரிட்டா சுகம்தானே? பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், வேலை இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு என் கடிதத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ரோஜா சோப்புச் சிரிப்பு உனக்குப் பிடிக்கவில்லையோ? இல்லை, ஆரஞ்சை இரண்டாவது முறை கேட்டதுதானா?

நீ அடுப்பில் போட்டாலும் சரி, இதை எழுதிவிடுகிறேன். அன்று பொழுது நன்றாக வெளுத்துவிட்டது. ஓடைப்பக்கம் டுவேன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆனால் கரை நீளமானது. புதர்க்காட்டில் அசைவு தெரிந்ததும் துப்பாக்கியை எடுக்கவில்லை, முதலில் ஆரஞ்சைத்தான் தேடினேன். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை இரண்டு முறை தேடினேன். இல்லை. ஆரஞ்சு இல்லை, அதனால் அங்கே ஆள் இல்லை. அப்படித்தான் என் மண்டை கணக்குப் போட்டது. பிறகு காதும் கொம்பும் தெரிந்தன. அவன் கூடாரத்தில் சாய்த்துக் கட்டிய காய்ந்த கிளைதான் அது.

சுட்டது நான். அதற்கு மூன்று வருடம் கொடுத்தார்கள், முப்பது கொடுத்திருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். துணிக்காக மேலே சேர்த்த இரண்டு வருடம்தான் என்னைத் தின்கிறது. ஆட்கள் வந்துசேர இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவனை மடியில் வைத்திருந்தேன். அந்த இருபது நிமிடத்தில் நான் ஆரஞ்சுத் துணியை அவிழ்த்து எங்கோ மறைத்தேன் என்றார் அரசு வக்கீல். நீதிபதியும் நம்பினார். நான் இல்லை என்று சொன்னேன். ஆனால் எல்லோரும் சொல்லிச் சொல்லி, ஜனெல், இப்போது எனக்கே நிச்சயமில்லை. சில நாள் என் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள்தான் அவிழ்த்தீர்களா என்று அதுகளிடம் கேட்கிறேன். பைத்தியம் இப்படித்தான் ஆரம்பிக்கும் போல.

இனி எழுதமாட்டேன். கூடாரத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி போடு.

ரோலண்ட்


செப்டம்பர் 14, 2022

ரோலண்ட் அவர்களுக்கு,

உடம்பு சரியில்லை என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கூடாரம் கொல்லையில் நிற்கிறது. நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது. புயல் மழை இரண்டுக்கும் நின்றது. கயிறு கட்டியதால் தப்பித்தது, ஸ்வோபோடா வீட்டு நாய்க்கூண்டு பறந்தே போனது.

இப்போது எழுதுவது வேறொன்றுக்காக. கூடாரத்தோடு கூரையில் தைத்த ஆரஞ்சுப் பட்டை வந்தது. பிரிட்டா கத்திரிக்கோலால் வெட்டி எறிந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"அது எதுக்கு?"

"ஆள் இருக்குன்னு தெரிய. சுடாம இருக்க."

"அப்பா கட்டியிருந்தாருல்ல? சுடாம இருந்தாங்களா?"

அவள் விடவில்லை. "ஆரஞ்சு காப்பாத்தும்னா அப்பா எங்கம்மா? மாமா ஆரஞ்சைப் பாத்துட்டேதான் சுட்டாரு. சுடுறவன் சுடுவான். கண்ணுல படாம இருக்கிறதுதான் ஒரே பாதுகாப்பு. நான் கிளை வெட்டி நாலு பக்கமும் மூடப்போறேன். நாலடியில நின்னாலும் தெரியக் கூடாது" என்றாள்.

பக்கத்து நிலத்தில் ஸ்வோபோடா கூட்டம் ஆறு பேர். போன வருடம் அவர்கள் குண்டு ஒன்று நம் தானியக் கொட்டகைச் சுவரில் வந்து பதிந்தது. அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இவள் அங்கே உட்காரப்போகிறாள். நவம்பர் பத்தொன்பது வேட்டை தொடக்கம், இன்னும் ஒன்பது வாரம்தான். என் பேச்சை அவள் கேட்கமாட்டாள். வேட்டை விஷயத்தில் உங்கள் பேச்சைச் சின்ன வயதில் கேட்டவள். நீங்கள் எழுதிப் பாருங்கள்.

ஜனெல்


செப்டம்பர் 22, 2022

பிரிட்டாவுக்கு,

ரோலண்ட் மாமா எழுதுவது. நன்றாக இரு. நீ இதைப் படிக்காமல் கிழித்தாலும் எனக்கு வருத்தமில்லை. படித்துவிட்டுக் கிழித்தால் இன்னும் நல்லது.

துப்பாக்கியோடு காட்டில் இருப்பவன் கண்ணுக்கு என்ன வேண்டுமோ அதையே அது பார்க்கும். மான் வேண்டும் என்றால் மான் தெரியும். அந்த ஆசையைத் தடுத்து நிறுத்துவது ஆரஞ்சு ஒன்றுதான். உன் அப்பா இருந்த இடத்தில் நான் ஆரஞ்சைத் தேடினேன், அது இல்லை. இருந்திருந்தால் என் விரல் அசைந்திருக்காது. நான் சொல்வதை யாரும் நம்பவில்லை, உனக்கும் நம்பக் காரணமில்லை. ஆனாலும் கூரையிலும் நான்கு பக்கமும் கட்டு. மானுக்கு அந்த நிறம் தெரியாது, உனக்குத் தெரிந்ததுதான். மனிதனுக்குத் தெரியும்.

ரோலண்ட் மாமா


அக்டோபர் 8, 2022

ரோலண்ட் மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

படித்தேன். இன்னும் கிழிக்கவில்லை. அப்பா ஆரஞ்சுத் துணியை எடுத்துக்கொண்டுதான் போனார் என்று அம்மா கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னார். அம்மா பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் பொய் சொல்வது யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஆரஞ்சைப் பார்த்தீர்கள், சுட்டீர்கள், பயந்துபோய் அவிழ்த்து மறைத்தீர்கள். இப்போது அதையே என்னைக் கட்டச் சொல்கிறீர்கள். எதற்கு? அடுத்தவன் குறி பார்ப்பதற்கா?

கூடாரத்தை மறுபடி மடிக்க வரவில்லை. எந்தச் சுவரை முதலில் உள்ளே தள்ளுவது என்று மட்டும் எழுதுங்கள். மற்றதை எழுத வேண்டாம்.

பிரிட்டா


அக்டோபர் 17, 2022

அன்புள்ள ஜனெலுக்கு,

பிரிட்டாவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறாள். சாப்பிடு. மடிக்கும்போது முதலில் கூரை, பிறகு எதிரெதிர்ச் சுவர்கள். அவளிடம் சொல்.

என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன், அது எதிராகத்தான் போயிற்று. என் வாய் இனி அவளிடம் செல்லாது. நீ சொன்னால் செல்லும். அதனால்தான் இரண்டு வருடமாகக் கேட்காததை இப்போது கேட்கிறேன். அன்று அவன் வீட்டைவிட்டுப் போகும்போது பார்த்தது நீ மட்டும்தான். அந்தத் துணி அவன் கையிலோ பையிலோ இருந்ததை உன் கண்ணால் பார்த்தாயா? எப்போதும் எடுத்துப்போவான் என்பதால் அன்றும் எடுத்தான் என்று சொன்னாயா?

கோர்ட்டுக்காகக் கேட்கவில்லை. இந்தக் கைகளோடு இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிறேனோ, அதுகளை நம்பலாமா கூடாதா என்று தெரிந்தாக வேண்டும். ஆமாம், பார்த்தேன் என்று நீ எழுதினால் ஒத்துக்கொண்டு படுத்துவிடுகிறேன்.

உன் அண்ணன்
ரோலண்ட்


நவம்பர் 3, 2022

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

துணி வீட்டில் இருந்தது. இன்னும் இருக்கிறது.

அந்த வேட்டைக்கு முந்தின வாரம், நிலவறைக் கொக்கியில் தொங்கிய துணியைப் பார்த்தேன். இரண்டு வருடச் சேறும் மான் ரத்தமும் அப்பியிருந்தது. நல்லது செய்கிறேன் என்று நினைத்து வீட்டுத் துண்டுகளோடு சேர்த்து மெஷினில் போட்டேன். நான் வாசனைத் திரவத்தையும் ஊற்றினேன். வேட்டைக்கு முந்தின நாள் மூட்டை கட்டும்போது டுவேன் அதை எடுத்து மோந்து பார்த்தான். "என்னடி இது, லாவெண்டர் தோட்டமா? இதைக் கட்டினா மூணு மைலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற மான்கூடத் தும்மும்" என்றான். கத்தினான். நானும் கத்தினேன். "அப்போ வேற வாங்கிக்கோ" என்றேன். "கடையில எல்லாம் தீந்துபோச்சு. விடு, நான் எங்க இருப்பேன்னு ரோலண்டுக்குத் தெரியும்" என்று துணி உலர்த்துகிற டிரையர் மேல் வீசிவிட்டுப் போய்ப் படுத்தான். எழுந்து போகும்போது என்னிடம் பேசவில்லை. துணி இல்லை என்பதை உன்னிடமும் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

மதியத்துக்குள் ஷெரீஃப் ஆட்கள் வந்து என்னைச் சமையலறையில் உட்கார வைத்துச் செய்தி சொன்னார்கள். ஒருவர் மெதுவாகக் கேட்டார், "ஆரஞ்சுத் துணி எடுத்துட்டுப் போனாராம்மா?" நான் உட்கார்ந்த இடத்திலிருந்து டிரையர் தெரிந்தது. அதன் மேல் அது கிடந்தது. இல்லை என்று சொன்னால் நான்தான் கொன்றேன் என்று சொன்ன மாதிரி இருந்தது. "எடுத்துட்டுத்தான் போனாரு" என்றேன். எழுந்து போய் அந்த அறைக் கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. உன்மேல் வெறுப்பும் இருந்தது, அது துணைக்கு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இரண்டு வருடம் நீ அதைத் தின்றாய்.

எரிக்க முயன்றேன், முடியவில்லை. நிலவறை ஃப்ரீசரில், டுவேன் கடைசியாகச் சுட்ட மானின் இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்த இறைச்சியை நாங்கள் தொடுவதில்லை.

ஜூலையில் நீ சோப்பைப் பற்றி எழுதினாயே, அன்று உனக்குத் தெரிந்துவிட்டது, என்னை வைத்து விளையாடுகிறாய் என்று நினைத்தேன். கடிதத்தை மூன்று முறை படித்தேன். உனக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்தபோது இன்னும் கேவலமாக இருந்தது. அதனால்தான் எழுதவில்லை.

உன் கைகள் எதையும் அவிழ்க்கவில்லை அண்ணா.

ஜனெல்


நவம்பர் 9, 2022

ஜனெல்,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இரண்டு நாள் எதையும் எழுத முடியவில்லை. எழுதியிருந்தால் நீ படிக்கக் கூடாததாக இருந்திருக்கும்.

கைகளைப் பற்றி எழுதியதற்கு நன்றி சொல்ல மாட்டேன். அது என்னுடையது, நீ பிடுங்கி வைத்திருந்தாய், திருப்பிக் கொடுத்தாய். துணியைத் துவைத்ததற்கு உன்மேல் ஒரு துளி கோபமும் இல்லை. துவைக்காத வீடு எது? ஆனால் ஆகஸ்டில் நான் எழுதியதைப் படித்தாய். அதற்குப் பிறகும் புயலையும் நாய்க்கூண்டையும் பற்றி எழுதினாய். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

டுவேனைச் சுட்டது நான். துணி இல்லாதது உன் குற்றம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். என்ன என்று தெரியாமல் சுட்டவன் நான்தான்.

கோர்ட்டில் சொல்வதும் சொல்லாததும் உன் மனசு. பிரிட்டாவிடம் சொல்வது அப்படி இல்லை. அப்பா ஆரஞ்சு கட்டியிருந்தும் செத்தார் என்று நம்பித்தான் அவள் கிளை வெட்டி மூடுகிறாள். அந்தப் பொய்க்குள்தான் போய் உட்காரப்போகிறாள். உலோகக் குமிழும் ஒருவிரல் ஜிப்பும் ஸ்வோபோடா குண்டை நிறுத்தாது. இன்னும் பத்து நாள் இருக்கிறது. பத்தொன்பதாம் தேதிக்கு முன்னால் அவளிடம் சொல். அதுவரை எனக்கு எழுதாதே.

ரோலண்ட்


நவம்பர் 27, 2022

ரோலண்ட் மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மா எழுதுவதாகச் சொன்னார், தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை அம்மா நிலவறைக்குப் போய்த் துணியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். கல் மாதிரி உறைந்திருந்தது. அது இளகுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் குனிந்து மோந்து பார்த்தேன். இன்னும் வாசனை இருந்தது. "ரெண்டு வருஷமா என்னையும் பொய் சொல்ல வச்சியேம்மா" என்றேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் நான் உங்களைப் பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அம்மா காலில் விழுகிற மாதிரி அழுதார். நான் அழவில்லை. மறுநாள் காரை நானே ஓட்டினேன். ஷெரீஃப் ஆபீஸில் துணியைப் பையோடு மேசைமேல் வைத்தோம். அம்மா எல்லாவற்றையும் சொன்னார், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அம்மாமேல் வழக்கு வருமாம். உங்களுக்கு அந்த இரண்டு வருடம் குறையலாம் என்று வக்கீல் சொல்கிறார், நிச்சயமில்லை. "வரட்டும்" என்றார் அம்மா. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

புதுசாக ஆரஞ்சுத் துணி வாங்கி, கூரையிலும் நான்கு பக்கமும் கட்டினேன். கிளை எதுவும் வைக்கவில்லை. சாலையிலிருந்தே தெரிந்தது. இரண்டாம் நாள் ஸ்வோபோடா வீட்டு ஆள் ஒருவர் ஓடைக்கு அந்தப்பக்கம் மானைத் துரத்திக்கொண்டு வந்தார். துப்பாக்கி நேராக என் பக்கம் நீண்டது. ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். கூடாரத்தைப் பார்த்தார், துப்பாக்கியைக் கீழே இறக்கினார், கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். மான் ஓடிவிட்டது.

நீங்கள்தான் அப்பாவைச் சுட்டீர்கள். அது மாறவில்லை, மாறாது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஆனால் கூடாரத்தில் உட்கார்ந்து ஒன்பது நாளும் இதையே யோசித்தேன். அப்பா துணியை விட்டுவிட்டுப் போனார், உங்களிடம் சொல்லவில்லை. அம்மா யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் இதுவரை ஒரு பொய்யும் சொல்லாத பெரியவர் நீங்கள் ஒருவர்தான். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆட்கள் வர இருபது நிமிடம் ஆயிற்று என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறீர்கள், அம்மா அந்தக் கடிதத்தையும் காட்டினார். கோர்ட்டில் எல்லோரும் துணியைப் பற்றியே கேட்டார்கள். அந்த இருபது நிமிடத்தில் அப்பா ஏதாவது பேசினாரா என்று உங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. பேசினாரா மாமா? வலித்ததா? என் பெயரைச் சொன்னாரா, இல்லையா? இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

பிரிட்டா